மூன்று பிளாக்குகள், ஒரு வீரா: 4ஜி63 எஞ்சினுக்கு பிளாக் தேர்ந்த கதை

மலேசியாவின் சிப்பாங் பந்தய ஓடுபாதையில் கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு நீண்ட நேர்ப்பாதை வரும். என் அக்கா மகனின் புரோட்டோன் வீரா காடி அங்கேதான் மூச்சை விட்டது. நான்காவது கியரில் முழு பூஸ்டில் போய்க்கொண்டிருந்த காடி திடீரென்று தளர்ந்தது, பின்னால் வந்தவருக்கு நீலப் புகை தெரிந்தது. அவன் உடனே காலை எடுத்து எஞ்சினை அணைத்துவிட்டான். அன்று அவன் செய்த மிக நல்ல காரியம் அதுதான். இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் முழுவதும் குப்பைக்குப் போயிருக்கும்.

பட்டறையில் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். காகித மடிப்புகளுக்குள் அலுமினியத் துகள் மின்னியது. கம்ப்ரெஷன் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றில் பாதிகூட இல்லை. பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டைக் கழற்றியதும் விஷயம் தெளிவானது. மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு உடைந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. நேர்ப்பாதை முடிவில் எரிபொருள் பம்ப் ஈடுகொடுக்காமல் கலவை மெலிந்திருக்கிறது, அதனால் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது), அதனால் உடைந்த பிஸ்டன். காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக முடிந்தது. அடுத்து எந்த பிளாக்கில் எஞ்சினைக் கட்டுவது என்ற கேள்விதான் எங்களை நான்கு மாதம் அலைக்கழித்தது.

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1993-ல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. லான்சர் எவொல்யூஷன் 1, 2, 3 ஆகியவையும் அதே தலைமுறை லான்சர்தான். அதனால் எவோவின் எஞ்சினும் கியர்பாக்ஸும் வீராவுக்குள் ஏறக்குறைய சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் வந்து உட்காரும். ஜப்பானில் பழைய காடிகளை குறுக்கே வெட்டி, முன்பாதியை அப்படியே கப்பலேற்றி அனுப்புவார்கள். அதைத்தான் நாங்கள் ஹாஃப்-கட் என்கிறோம். கிள்ளான் பக்கம் போனால் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். இந்த வீராவிலும் ஒரு எவோ 3-ன் 4ஜி63 எஞ்சின், முறைப்படி பரிசோதித்துப் பதிவு அட்டையில் ஏற்றியது. 1995-ல் வெளிவந்தபோது அந்த எஞ்சினுக்கு 270 குதிரைத்திறன். டோமி மாக்கினென் 1996-ல் தன் முதல் உலக ராலி பட்டத்தை வென்றது எவோ 3-ல்தான். நம் ஊர் கரம்ஜித் சிங் 2002-ல் புரொடக்‌ஷன் பிரிவு உலகப் பட்டம் வென்ற புரோட்டோன் பெர்ட்டும் உண்மையில் ஒரு எவோதான், உள்ளே இதே 4ஜி63 குடும்பம். இந்த எஞ்சின்மேல் எங்களுக்கு இருக்கும் பாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தேவை பெரிதல்ல. கிராங்க்கில் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 380 குதிரைத்திறன் அளவில், வாரநாளில் வேலைக்குப் போய்வர வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிப்பாங்கில் ஓட வேண்டும். இந்த எண்ணை முதலில் எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. பிளாக் பேச்சு தொடங்கினால் எல்லோருக்கும் 700, 800 குதிரைத்திறன் கனவு வந்துவிடும்.

"சிக்ஸ் போல்ட் எடுத்துடலாம் மாமா. செவன் போல்ட்ல மறுபடியும் காசு போட வேணாம்" என்றான் மருமகன், ஹெட்டைக் கழற்றிய அன்றே.

ஆறு போல்ட், ஏழு போல்ட் என்பது ஃப்ளைவீலை கிராங்க்கில் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளின் எண்ணிக்கை. 1992 வாக்கில் மிட்சுபிஷி ஆறிலிருந்து ஏழுக்கு மாறியது. போல்ட் எண்ணிக்கை ஓர் அடையாளம்தான். அதோடு சேர்ந்து கிராங்க், பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராட், கிராங்க்கைப் பிளாக்கில் பிடித்து வைக்கும் மெயின் பேரிங் மூடிகள் எல்லாம் மாறின. பழைய கலாண்ட் விஆர்-4-ல் வந்த ஆறு போல்ட் எஞ்சினில் ராடுகள் தடிமனாக இருக்கும், மெயின் மூடிகள் தனித்தனியாக இருக்கும். ஏழு போல்ட்டில் ராடுகள் இளைத்துவிட்டன, ஆனால் மெயின் மூடிகள் ஏணிபோல் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வார்ப்பாக வந்தன. எங்கள் எவோ 3 பிளாக் ஏழு போல்ட்.

ஆறு போல்ட்டின் புகழுக்குப் பாதிக் காரணம் அந்தத் தடித்த ராடு. ஆனால் மறுகட்டமைப்பு செய்யும் யாரும் இன்று பழைய ராடைத் திரும்பப் போடுவதில்லை. ஃபோர்ஜ் செய்த ராடும் பிஸ்டனும்தான் வாங்குகிறோம். அவற்றை வாங்கிய நிமிடமே ஆறு போல்ட்டின் அந்த அனுகூலம் மறைந்துவிடுகிறது. இதை அவனிடம் சொன்னேன். அவன் கேட்க நினைத்தது வேறு.

"கிராங்க் வாக்?"

இந்தப் பெயரைச் சொன்னால் 4ஜி63 வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். கிராங்க் சுழலும்போது முன்னும் பின்னும் நகராமல் த்ரஸ்ட் பேரிங் என்ற ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த விசை முழுவதையும் தாங்குவது த்ரஸ்ட் பேரிங்கின் மெல்லிய முகமும் அதன்மேல் படியும் ஆயில் படலமும்தான். அந்த முகம் தேய்ந்தால் கிராங்க் நடக்கத் தொடங்கும். வளைவில் திரும்பும்போது கிளட்ச் மிதி தானாக ஆழம் மாறுவது முதல் அறிகுறி. முற்றினால் கிராங்க் தன் பேரிங் மூடிகளையே அரைத்துவிடும், அப்புறம் பிளாக்கை எடுத்து வைத்து ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவில் 1990-களின் பிற்பாதியில் விற்ற எக்லிப்ஸ், டேலன் காடிகளில் இந்தக் கோளாறு நிறைய வந்தது. அவை ஏழு போல்ட். அங்கிருந்துதான் "ஏழு போல்ட் என்றால் கிராங்க் நடக்கும்" என்ற சொல் உலகமெல்லாம் பரவியது.

ஆனால் எவோக்களும் ஏழு போல்ட்தான். எவோ 1-லிருந்து 9 வரை அதே குடும்பம், அவற்றில் இந்தக் கோளாறு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அப்படியென்றால் போல்ட் எண்ணிக்கையை வைத்து பயப்படுவதில் பொருளில்லை. தன் கையில் இருக்கும் கிராங்க் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்ப்பதே வழி. டயல் கேஜை கிராங்க் முனையில் வைத்து, கிராங்க்கை நெம்பித் தள்ளினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. பத்தில் இரண்டைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

இந்த ஐந்து நிமிட வேலையை நான் அன்றே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மருமகனின் ஆசைக்கும் என் சொந்தச் சபலத்துக்கும் இடம் கொடுத்து, ஹாஃப்-கட் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தோம்.

சுற்றும்போது இன்னொரு யோசனையும் குறுக்கே வந்தது. 4ஜி64. இது 4ஜி63-ன் அண்ணன். 4ஜி63-ல் போர் (சிலிண்டரின் விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88, கொள்ளளவு 1,997 சிசி. 4ஜி64-ல் 86.5-க்கு 100, கொள்ளளவு 2,351 சிசி. ஹெட் அப்படியே மேலே பொருந்தும். கொள்ளளவு கூடினால் டர்போ சீக்கிரம் எழும், சாலையில் ஓட்ட சுகமாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். இரண்டு எஞ்சினிலும் கனெக்டிங் ராடின் நீளம் 150 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 12 மி.மீ. கூடுதல் என்றால் பிஸ்டன் மேலே 6 மி.மீ. அதிகம் ஏறும். அதற்காகவே 4ஜி64 பிளாக்கின் உயரம் 229-க்குப் பதில் 235. இந்தக் கணக்கின் அழகு எனக்கு இன்றும் பிடிக்கும், மிட்சுபிஷிக்காரர்கள் ராடின் நீளத்தை மாற்றாமல் பிளாக்கைச் சரியாக 6 மி.மீ. உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அதில் சிக்கல். 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 7,500 சுற்று போனால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். 88 மி.மீ. ஸ்ட்ரோக் 8,000 சுற்றில்கூட 23.5 தான். ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 4ஜி63-ல் 1.70, 4ஜி64-ல் 1.50. விகிதம் குறையக் குறைய ராடு அதிகம் சாய்ந்து பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் அழுத்தும். சிப்பாங்கில் அரைமணி நேரம் உச்சச் சுற்றில் நிற்கப்போகும் எஞ்சினுக்கு இது வேண்டாத சுமை. இதோடு டைமிங் பெல்ட் மாறும், ஹெட் 6 மி.மீ. மேலே போவதால் டர்போ, பைப்புகள் எல்லாம் இடம் மாறும், டர்போ எஞ்சினில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் முனைகளும் சாதாரண 4ஜி64 பிளாக்கில் இருக்காது. சாலைக்கு மட்டும் என்றால் நான் 4ஜி64-ஐத்தான் எடுத்திருப்பேன். இதற்கு எடுக்கவில்லை.

எவோ 4 முதல் 9 வரையிலான பிளாக்குகளை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை. எவோ 4-ல் எஞ்சினை அப்படியே 180 பாகை திருப்பி வைத்துவிட்டார்கள். எங்கள் காடியில் அதை உட்கார வைக்க பிராக்கெட் வேலையிலேயே ஒரு மாதம் போய்விடும்.

இப்படி அலைந்து ஒரு விஆர்-4 ஹாஃப்-கட்டிலிருந்து ஆறு போல்ட் பிளாக் ஒன்று கிடைத்தது. வெளியே பார்க்க அருமை. போர் 85, யாரும் இன்னும் கை வைக்கவில்லை. சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங்கின் கோடுகள்கூட மங்கலாகத் தெரிந்தன. விலை பேசி, தூக்கிக்கொண்டு நேராகக் கடைசல் பட்டறைக்குப் போனோம்.

அந்தப் பட்டறையின் தவுக்கே, அதாவது முதலாளி, முப்பது வருடங்களுக்கு மேல் பிளாக் மட்டுமே கடைபவர். பிளாக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "உங்க பழைய பிளாக் எங்கே?" என்று கேட்டார். பட்டறையில் கிடக்கிறது என்றோம். ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார்.

முதலில் பிளாக்கை வெந்நீர்க் கரைசலில் கழுவியதும் மேல்முகத்தில் இரண்டு நீர்வழித் துளைகளின் ஓரத்தில் துருப்பிடித்த குழிகள் தெரிந்தன. குளிர்நீர்ப் பாதையில் வெறும் குழாய்த்தண்ணீர் விட்டு ஓட்டிய காடியில் இப்படி ஆகும். கடைந்து எடுத்துவிடலாம், பரவாயில்லை. அடுத்து அல்ட்ராசோனிக் கருவியால் சிலிண்டர் சுவர்களின் தடிமனை அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நான்கு பக்கமும். நான்காவது சிலிண்டரில் ஒரு பக்கம் 6.1 மி.மீ., எதிர்ப்பக்கம் 3.2.

வார்ப்பின்போது நீர்வழிக்காக உள்ளே வைக்கும் மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்தால் இப்படித்தான் ஆகும். சுவர் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்துவிடும். சாதாரண விஆர்-4 சக்திக்கு இது ஆயுசுக்கும் தாங்கும், இத்தனை வருடம் தாங்கியும் இருக்கிறது. ஆனால் எங்கள் விஷயத்தில் அந்த மெல்லிய இடம் பிஸ்டன் வெடிப்பு விசையில் சாயும் பக்கமாக இருந்தது. அங்கே சுவர் வளைந்து கொடுத்தால் ரிங் அடைப்பு போய்விடும், விரிசலும் வரலாம். கண்ணுக்கு அழகாக இருந்த பிளாக்கின் உள்ளே இருந்தது இது. எந்த மோடல், எத்தனை போல்ட் என்ற பேச்சுக்கெல்லாம் அந்த 3.2 என்ற எண்ணுக்கு முன்னால் மதிப்பே இல்லை.

மறுநாள் பழைய பிளாக்கைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தோம்.

கிராங்க்கை மீண்டும் உட்கார வைத்து டயல் கேஜ் வைத்தார்: 0.10 மி.மீ. இருபது வருடத்துக்கும் மேல் ஓடிய, எல்லோரும் பயமுறுத்திய ஏழு போல்ட் கிராங்க் ஓர் அங்குலமும் நடக்கவில்லை, ஒரு மயிரிழைகூட நடக்கவில்லை. மெயின் பேரிங் வரிசை நேராக இருந்தது. காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை. சுவர்த் தடிமன் எல்லா இடத்திலும் 4.9-க்கு மேல், பக்கத்துக்குப் பக்கம் பெரிய வேறுபாடும் இல்லை. இந்த பிளாக் ஏற்கெனவே ஒருமுறை 85.5-க்குக் கடையப்பட்டது என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்ல வார்ப்பு.

மிச்சம் இருந்த ஒரே பிரச்சினை மூன்றாவது சிலிண்டரின் கீறல். ஆழம் 0.20 மி.மீ. 85.5-லிருந்து 86.0-க்குக் கடைந்தால் ஒவ்வொரு பக்கமும் 0.25 போகும். அதாவது கீறலுக்கு அடியில் 0.05 மிச்சம். அதற்குள் ஹோனிங்கும் முடிய வேண்டும். கீறல் போகாவிட்டால் அந்த ஒரு சிலிண்டருக்கு உள்ளே புதுக் குழாய்ச் சுவராக ஸ்லீவ் போடலாம் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

பழைய பிளாக்கையே வைத்துக்கொள்ள வேறொரு வலுவான காரணமும் இருந்தது. எஞ்சின் எண் பிளாக்கில்தான் குத்தப்பட்டிருக்கிறது. அந்த எண் வாகனப் பதிவு அட்டையிலும் இருக்கிறது. பிளாக்கை மாற்றினால் சட்டத்தின் கண்ணில் எஞ்சினையே மாற்றியதாகிறது. மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வேலை. செய்ய முடியாத காரியமில்லை, ஆனால் பலர் இதை நினைக்காமலே வேறு பிளாக்கைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாலைத் தடுப்பில் பிடிபடும்போதும், விபத்துக்குப் பிறகு காப்புறுதி கேட்கும்போதும்தான் அது உறைக்கும். என்னிடம் வரும் எந்தப் பையனுக்கும் இதை நான் முதலில் சொல்லிவிடுவேன்.

பழைய பிளாக்கை எடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் உடைந்த எஞ்சினில் துகள் ஆயிலோடு எல்லா வழிக்கும் போயிருக்கும். ஆயில் கேலரி மூடிகளை எல்லாம் கழற்றி, நீள பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளியே வரும் தண்ணீர் வெள்ளைத் துணியில் கறை விடாத வரை கழுவினோம். பிஸ்டன் அடி முனைகளைப் புதிதாகப் போட்டோம். ஆயில் கூலரைக் கழுவிப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிட்டு புதிது வாங்கினோம். கூலரின் உள்மடிப்பில் ஒட்டியிருக்கும் துகளை யாராலும் முழுவதும் எடுக்க முடியாது. புது எஞ்சின் கட்டி 500 கிலோமீட்டரில் பேரிங் போனதாக வரும் கதைகளில் பாதிக்கு இந்தக் கூலர்தான் காரணம் என்பது என் அனுபவம்.

கடைசல் நாளன்று மருமகனும் நானும் பக்கத்திலேயே நின்றோம். ஹெட்டை இறுக்கும்போது பிளாக்கின் மேற்பகுதி மிக நுண்ணிய அளவில் கோணும், வட்டமான சிலிண்டர் வட்டமாக இருக்காது. அதனால் தடித்த இரும்புத் தட்டு ஒன்றை ஹெட் போலவே மேலே வைத்து, அதே போல்ட்டுகளை அதே இறுக்கத்தில் முறுக்கிவிட்டுத்தான் ஹோனிங் செய்தார். அந்தத் தட்டை வைத்திருக்கிறாரா என்று கேட்டுத்தான் பட்டறையையே தேர்ந்தோம். மூன்றாவது சிலிண்டரில் கடைசல் கத்தி இறங்கி ஏறியதும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கீறல் இருந்த இடத்தில் நிழல்போல் ஒரு கோடு. ஹோனிங் முடிந்ததும் அதுவும் போய்விட்டது. ஸ்லீவ் தேவைப்படவில்லை. மருமகன் அதுவரை பேசாமல் நின்றவன், "சரி மாமா" என்று மட்டும் சொன்னான்.

புதிய கணக்கில் 86 மி.மீ. போர், 88 ஸ்ட்ரோக், 2,045 சிசி. ஃபோர்ஜ் செய்த பிஸ்டனும் ராடும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளை எடுத்துவிட்டோம். அவற்றை ஓட்டும் சிறிய பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் எல்லாம் போய்விடும், அந்தப் பயம் வேண்டாம் என்பதற்காக. எடுக்கும்போது அவற்றின் பேரிங்குகளைத் திருப்பிப் போட்டு ஆயில் துளையை அடைக்க வேண்டும், மறந்தால் ஆயில் அழுத்தம் அங்கே கசிந்து போகும். எஞ்சின் முன்னைவிடக் கொஞ்சம் அதிர்கிறது. அவனுக்கு அது தொந்தரவாக இல்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணமான எரிபொருள் பம்பையும் மாற்றினோம். கிளட்ச் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். தேவைக்கு மேல் கனமான பிரஷர் பிளேட் வேண்டாம் என்றேன், அதன் சுமை முழுவதும் த்ரஸ்ட் பேரிங்கில்தான் இறங்கும். காலையில் எஞ்சினை எழுப்பும்போது கிளட்சை மிதிக்காமல் நியூட்ரலில் எழுப்பச் சொல்லியிருக்கிறேன், ஆயில் அழுத்தம் ஏறுவதற்குள் அந்தப் பேரிங்கை வறட்டு முகத்தில் அழுத்தக் கூடாது.

இப்போது 6,000 கிலோமீட்டர் ஆகிறது, சிப்பாங்குக்கு மூன்று முறை போய்வந்துவிட்டது. நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிறது. இரண்டு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம், சுத்தம். போன வாரம் காடியைத் தூக்கி கிராங்க் அசைவை மறுபடி அளந்தேன். 0.11.

ஆறு போல்ட் பிளாக் இரண்டு மாதம் பட்டறை மூலையில் கிடந்தது. பிறகு தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்தார். விஆர்-4 ஒன்றை ஆலையிலிருந்து வந்த சக்தியிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவருகிறாராம், போர் 85-லேயே இருக்க வேண்டுமாம். தவுக்கே அளந்து கொடுத்த தாளை அவரிடம் காட்டி, 3.2 என்ற இடத்தைக் கைவைத்துக் காண்பித்தோம். நாங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்குத்தான் போயிற்று. தூக்கி வண்டியில் ஏற்றுவதற்கு முன், நான்காவது சிலிண்டரின் வெளிப்பக்கம் அந்த எண்ணை வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக எழுதிவிட்டான் மருமகன்.